துண்டுபோட்ட முகவரிகளும் இடம் போதாத ரவுட்டர்களும்

உலகத்து ரவுட்டர்களில் மெமரி தீர்ந்துகொண்டிருக்கிறது, அதனால் உங்கள் வீட்டு ரவுட்டரை மாற்றுங்கள் என்று புலனத்தில் ஒரு செய்தி வந்தால், அதில் முதல் பாதியை நம்பலாம், இரண்டாம் பாதியை நம்ப வேண்டாம். எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் தாமான் வீட்டில் இருந்தாலும் சரி, தோட்டத்து லயத்தில் இருந்தாலும் சரி, உங்கள் வீட்டு ரவுட்டருக்குத் தெரிய வேண்டியது ரொம்பக் கொஞ்சம்: இது வீட்டுக்குள் இருக்கும் கருவிக்குப் போக வேண்டியதா, இல்லை வெளியே போக வேண்டியதா. வெளியே என்றால் மொத்தத்தையும் சேவை நிறுவனத்தின் பக்கம் தள்ளிவிடும், அதோடு அதன் வேலை முடிந்தது. அதில் எத்தனை மெமரி இருந்தாலும் இந்தப் பிரச்சினைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சிக்கல் மேலே இருக்கிறது. "எனக்குத் தெரியாது, அடுத்தவரைக் கேள்" என்று சொல்ல முடியாத ரவுட்டர்கள் அங்கே இருக்கின்றன. உலகத்தில் எந்த முகவரி கேட்டாலும் அது எந்தப் பக்கம் என்று அவை சொல்லியாக வேண்டும். அதற்காக ஒவ்வொன்றும் ஒரு முழு ரவுட்டிங் டேபிளைச் சுமக்கிறது. அந்தப் பட்டியல்தான் வீங்கிக்கொண்டே போகிறது.

இணையம் என்பது ஒரே வலை இல்லை. 75,000க்கும் மேற்பட்ட தனித்தனி வலைகள், தொலைபேசி நிறுவனம், பல்கலைக்கழகம், வங்கி, டேட்டா சென்டர் என்று எல்லாம் ஒன்றோடொன்று கைகோர்த்து நிற்பதுதான் இணையம். நடுவில் உட்கார்ந்து வழி சொல்ல யாரும் கிடையாது. ஒவ்வொரு வலையும் தன் பக்கத்து வலையிடம் "இந்த முகவரித் தொகுதி என்னிடம் இருக்கிறது, இதற்கு என் வழியாக வா" என்று சொல்லும், அவர் அவருடைய பக்கத்தாரிடம் சொல்வார், அப்படியே கொஞ்ச நேரத்தில் உலகம் முழுக்கத் தெரிந்துவிடும். இந்தப் பேச்சுக்கு உள்ள விதிமுறைதான் பிஜிபி. கிர்க் லாஹீட், யாகோவ் ரெக்டர் என்ற இரண்டு பொறியாளர்கள் 1989இல் சாப்பாட்டு மேசையில் கைதுடைக்கும் காகிதத்தில் அதன் முதல் வரைவை எழுதினார்கள். பல தடவை திருத்தப்பட்டிருந்தாலும் இன்றைக்கும் ஓடுவது அதே அடிப்படைதான்.

சரி, பட்டியல் ஏன் நீள்கிறது? ஆள் கூடினால் பட்டியல் கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது பாதிக்காரணம்கூட இல்லை.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள தோட்டத் துண்டாடல் போதும். வெள்ளைக்காரக் கம்பெனி வைத்திருந்த ஆயிரக்கணக்கான ஏக்கர் தோட்டத்துக்கு ஒரே பெயர், ஒரே ஆபீஸ். கடிதமோ லோரியோ அந்தத் தோட்டத்தின் பெயர் தெரிந்தால் வந்து சேர்ந்துவிடும், உள்ளே எந்த லயம் எந்தக் கதவு என்பதைக் கிராணி பார்த்துக்கொள்வார். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் அந்தத் தோட்டங்கள் கைமாறிச் சின்னச் சின்னத் துண்டுகளாக விற்கப்பட்டன. தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் சேர்த்தே இழந்தார்கள், அதைத் தடுக்கத்தான் இந்த ஊர்க்காரரான துன் வி. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. நான் சொல்ல வருவது அதில் ஒரு சின்ன விஷயம். ஒரு பெயர் இருந்த இடத்தில் பத்து, இருபது பெயர் வந்துவிட்டால், அந்தத் துண்டுகளைத் தனித்தனியாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டியவர் இனிமேல் கிராணி இல்லை, வெளியே இருந்து வருகிற ஒவ்வொருவரும்தான். நிலம் ஓர் அடிகூடக் கூடவில்லை. பட்டியல் மட்டும் நீண்டது.

இணைய முகவரிகளுக்கு நடந்ததும் இதுவே. ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையில் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள், அன்றும் அவ்வளவுதான், இன்றும் அவ்வளவுதான். தொடக்கத்தில் இவற்றை மூன்றே அளவில் பிரித்துக் கொடுத்தார்கள்: சுமார் 1 கோடியே 67 லட்சம் முகவரி கொண்ட பெரிய தொகுதி, 65,536 கொண்ட நடுத்தரம், 256 கொண்ட சின்னது. நடுத்தரம் தீரப்போகிறது என்று தெரிந்ததும் சின்னத் தொகுதிகளை அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள், பட்டியல் வேகமாக நீள ஆரம்பித்தது. 1990களின் தொடக்கத்தில் இருந்த ரவுட்டர்களின் மெமரி அதைத் தாங்காது என்ற பயம் அப்போதே வந்துவிட்டது. 1993இல் சைடர் என்ற புது முறை வந்து, பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே வரியாக அறிவிக்கலாம் என்று ஆனது. அது வந்திருக்காவிட்டால் இணையம் அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே மூச்சுத் திணறியிருக்கும்.

ஆனால் சேர்க்கலாம் என்ற விதி, வெட்டவும் இடம் கொடுத்தது. 1994 வாக்கில் சுமார் 20,000 வரி இருந்த டேபிள், 2001இல் ஒரு லட்சத்தைத் தொட்டது. 2006 முடிவில் இரண்டு லட்சம். 2014இல் ஐந்து லட்சம். இப்போது பத்து லட்சத்தை ஒட்டிப் பேசிக்கொண்டிருக்கிறோம், அதில் பாதிக்கும் மேல் வெறும் 256 முகவரி கொண்ட குட்டித் துண்டுகள். அதைவிடச் சின்னதாக வெட்டி அறிவித்தால் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுக்கொள்வதில்லை என்ற எழுதாத வழக்கம் ஒன்று இருப்பதால்தான் துண்டு அந்த அளவில் நிற்கிறது.

வெட்டுகிறவர்கள் எல்லாரும் பொறுப்பில்லாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது, பல காரணங்கள் நியாயமானவையும்கூட. ஒரு நிறுவனம் இரண்டு சேவை நிறுவனங்களிடம் லைன் எடுத்து ஒன்று அறுந்தாலும் மற்றொன்றில் ஓடட்டும் என்று நினைத்தால், அதன் முகவரித் துண்டை உலகத்துக்குத் தனியாக அறிவிக்கத்தான் வேண்டும். இன்னொரு நிறுவனம் வரும் டிராஃபிக்கில் பாதியை ஒரு லைனிலும் பாதியை இன்னொரு லைனிலும் வாங்க நினைக்கும், அதற்குச் சுலபமான வழி தன் தொகுதியை இரண்டாக வெட்டி இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக அறிவிப்பது. அப்புறம் பற்றாக்குறை இருக்கிறது. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3ஆம் தேதி தீர்ந்தது, நம் பக்கத்துக்கு முகவரி கொடுக்கும் ஏப்னிக் அமைப்பு அதே ஆண்டு ஏப்ரலிலேயே கடைசிக் கையிருப்புக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு புதிதாக வருகிறவருக்கு அதிகபட்சம் 1,024 முகவரிகள்தான் என்று வைத்தார்கள், 2019இல் அதையும் 512 ஆக்கிவிட்டார்கள். ஆக ஆசியாவில் இன்றைக்குத் தொடங்கும் நிறுவனம் வெட்டாமலேயே துண்டோடுதான் வருகிறது. பழையவர்கள் கையில் இருக்கும் பெரிய தொகுதிகளும் விலைக்கு வெட்டி வெட்டிக் கைமாறுகின்றன.

பாதுகாப்பும் ஒரு காரணம். பிஜிபியில் ஒரே முகவரிக்கு இரண்டு அறிவிப்பு இருந்தால், சின்னத் துண்டுக்கான அறிவிப்பே ஜெயிக்கும். 2008 பிப்ரவரி 24ஆம் தேதி பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூப்பை மறைப்பதற்காக, யூடியூப்பின் 1,024 முகவரித் தொகுதியில் இருந்து 256 முகவரித் துண்டைத் தன்னுடையது என்று அறிவித்தது. அது எல்லை தாண்டிக் கசிந்து உலகம் பூராவும் சுமார் இரண்டு மணி நேரம் யூடியூப் போய்விட்டது. யூடியூப் என்ன செய்தது? தானும் அதே அளவுத் துண்டை அறிவித்தது, பிறகு அதையும் பாதியாக வெட்டி அறிவித்தது. இதைப் பார்த்தவர்கள் கற்ற பாடம், திருடன் வெட்டுவதற்கு முன் நாமே வெட்டிவைத்துவிடுவோம் என்பது. இந்த முகவரியை அறிவிக்க இவருக்குத்தான் உரிமை என்று சரிபார்க்க உதவும் ஆர்பிகேஐ என்ற கையொப்ப முறை இப்போது பரவிவருவதால் இந்தக் காரணம் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பலத்தை இழக்க வேண்டும், ஆனால் ஒரு தடவை வெட்டி அறிவித்ததைத் திரும்பச் சேர்க்க யாரும் அவசரப்படுவதில்லை.

இப்போது மெமரி. பத்து லட்சம் வரி என்பது கம்ப்யூட்டர் கணக்கில் ஒரு பெரிய விஷயமே இல்லையே, என் கைப்பேசியில் எட்டு ஜிபி இருக்கிறதே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி, இந்த விவகாரத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது.

பெரிய ரவுட்டரில் இந்தப் பட்டியல் இரண்டு இடத்தில் இருக்கும். பக்கத்தார் சொன்னதையெல்லாம், ஒரே முகவரிக்கு நான்கு வழி இருந்தால் நான்கையும் சேர்த்து, ரிப் என்ற பதிவேட்டில் வைத்திருக்கும். அது சாதாரண ரேமில் இருக்கிறது, தேவைப்பட்டால் கூட்டலாம். அதில் இருந்து ஒவ்வொரு முகவரிக்கும் மிகச் சிறந்த ஒரே வழியைத் தேர்ந்து இன்னொரு பட்டியலில் எழுதும், அதற்குப் பெயர் ஃபிப். பாக்கெட்டுகளை, அதாவது நாம் அனுப்புவதைச் சின்னச் சின்னதாகப் பிரித்த பொட்டலங்களை, உண்மையில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளிவிடுவது ஃபிப்பைப் பார்த்துத்தான். 100 கிகாபிட் போர்ட் ஒன்றில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் முழு வேகத்தில் வந்தால் ஒரு வினாடிக்கு 14 கோடிக்கும் மேல் வரும், அதாவது ஒரு பாக்கெட்டுக்குச் சுமார் 6.7 நானோவினாடிதான் கிடைக்கும். அந்த நேரத்துக்குள் பத்து லட்சம் வரியில் எது பொருந்துகிறது, பொருந்துகிறவற்றில் எது மிகச் சின்னத் துண்டு என்று கண்டுபிடித்தாக வேண்டும். சாதாரண ரேமில் ஒரே ஒரு இடத்தை எட்டிப் பார்த்துத் திரும்பவே அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும்.

அதனால்தான் டீகேம் என்ற தனி வகை மெமரி. அதில் ஒரு முகவரியைக் கொடுத்தால் எல்லா வரிகளும் ஒரே நேரத்தில் தன்னோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளும், பொருந்திய வரி ஒரே மூச்சில் கையை உயர்த்திவிடும். சாதாரண பிட் 0 அல்லது 1 மட்டும்தான், இதிலோ "எதுவாக இருந்தாலும் பரவாயில்லை" என்ற மூன்றாவது நிலையும் உண்டு, முகவரித் தொகுதிகளை எழுதிவைக்க அது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் ஒவ்வொரு தேடலுக்கும் எல்லா வரியும் வேலை செய்வதால் மின்சாரம் குடிக்கும், சூடாகும், விலையும் மிக அதிகம். எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம், அது போர்டிலேயே பதிந்து வருகிறது. கம்ப்யூட்டருக்கு ஒரு ரேம் துண்டு வாங்கிச் செருகுவதுபோல் இதைக் கூட்ட முடியாது. வாங்கிய அன்று எத்தனை வரியோ, சாகும்வரை அத்தனை வரிதான். இப்போதைய புதுக் கருவிகளில் சாதாரண வகை மெமரியிலேயே பட்டியலைக் கிளைகிளையாகப் பிரித்துத் தேடும் வழிகளும், ஒரே பக்கம் போகும் வரிகளை உள்ளுக்குள்ளேயே சுருக்கிவைக்கும் வழிகளும் வந்துவிட்டன, அவற்றில் சில பத்து லட்சத்தைச் சுலபமாகத் தாண்டும். பழைய கருவிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

2014 ஆகஸ்ட் 12 இதை ஊருக்கெல்லாம் காட்டியது. அப்போது உலகம் பூராவும் பரவியிருந்த சிஸ்கோவின் 6500, 7600 வரிசை ரவுட்டர்களில் பலவற்றுக்கு டீகேமில் மொத்தம் பத்து லட்சத்துச் சொச்சம் இடம். ஐபிவி4க்கு அடுத்து வந்த புது முறையான ஐபிவி6இல் முகவரி நீளமானது என்பதால் ஒரு வரிக்கு இரண்டு இடம் பிடிக்கும். கம்பெனி அனுப்பிய நிலையில் ஐபிவி4க்கு 512கே, அதாவது 5,24,288 வரி, மிச்சம் ஐபிவி6க்கு என்று பிரித்துவைத்திருந்தது. அன்றைக்கு அமெரிக்காவின் வெரைசன் நிறுவனத்தில் இருந்து சில நிமிடங்களுக்குள் சுமார் 15,000 குட்டித் துண்டுகள் புதிதாக அறிவிக்கப்பட்டன, ஏற்கனவே விளிம்பில் நின்ற பட்டியல் பல இடங்களில் கோட்டைத் தாண்டிவிட்டது. கொஞ்ச நேரத்தில் அந்த அறிவிப்புகள் திரும்பப் பெறப்பட்டன, ஆனால் அதற்குள் பல நிறுவனங்களில் சேவை தடுமாறியது, ஈபே உட்படப் பல தளங்களுக்குப் போக முடியவில்லை என்று செய்தி வந்தது.

இடம் நிரம்பினால் ரவுட்டர் படக்கென்று அணைந்துவிடும் என்று நினைக்காதீர்கள், அப்படி அணைந்தால்கூடக் கண்டுபிடிப்பது சுலபம். டீகேமில் இடம் கிடைக்காத வரிகளுக்கான பாக்கெட்டுகள் ரவுட்டரின் பொதுவான ப்ராசசருக்குப் போகும். அது வினாடிக்குக் கோடிக்கணக்கில் பாக்கெட் பார்க்கச் செய்யப்பட்டதில்லை, திணறும். திணறும்போது பக்கத்தாரோடு பேசவேண்டிய பிஜிபி பேச்சும் தடைபடும், பக்கத்தார் இவர் செத்துவிட்டார் என்று முடிவு செய்து இணைப்பை அறுப்பார்கள், பிறகு மறுபடி இணைந்து லட்சக்கணக்கான வரிகளை முதலில் இருந்து கொட்டுவார்கள். பயனருக்குத் தெரிவது என்னவென்றால், சில தளம் வேலை செய்கிறது, சிலது செய்யவில்லை, காலையில் நன்றாக இருந்தது, மத்தியானம் ஆமை வேகம். எந்தச் சேவை மையத்துக்கு ஃபோன் போட்டாலும் மோடத்தை அணைத்துப் போடுங்கள் என்றுதான் சொல்வார்கள், அதனால் ஒரு பிரயோஜனமும் இருக்காது.

பலர் அன்றைக்கு எடுத்த வைத்தியம் ஐபிவி6க்கு ஒதுக்கிய இடத்தைச் சுருக்கி ஐபிவி4க்குக் கொடுத்து, ரவுட்டரை ஒருமுறை மறுதொடக்கம் செய்வது. அந்த வைத்தியத்தில் பலர் தொட்ட அடுத்த எல்லை 768கே. 2019இல் பட்டியல் அதையும் எட்டியது, முன்கூட்டியே எச்சரிக்கை பரவியிருந்ததால் பெரிய குழப்பம் வரவில்லை. ஆனால் எந்த ஐபிவி6 வந்து இந்தத் துண்டாடலுக்கு ஒரு முடிவு கட்டும் என்று நம்பினோமோ அதன் இடத்தைப் பிடுங்கித்தான் பழையதைக் காப்பாற்றினோம், எனக்கு இதில்தான் மனசு ஆறவில்லை. ஐபிவி6இல் ஒரு நிறுவனத்துக்கு ஒரே பெரிய தொகுதி போதும், வெட்டத் தேவை இல்லை. இருந்தும் அங்கேயும் பட்டியல் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது, அங்கேயும் வெட்டுகிறார்கள்.

பட்டியலின் அளவு ஒரே நாளில் தப்பாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1997 ஏப்ரல் 25ஐச் சொல்வார்கள். அமெரிக்காவில் ஒரு சின்ன நிறுவனத்தின் ரவுட்டர் தனக்கு வந்த உலகப் பட்டியலைக் குட்டித் துண்டுகளாக வெட்டி, எல்லாம் என்னுடையது என்று திரும்ப அறிவித்துவிட்டது, பல ரவுட்டர்கள் மெமரி தாங்காமல் விழுந்தன. நம் நாட்டிலும் 2015 ஜூன் 12 சாயங்காலம் டெலிகாம் மலேசியாவின் வலையில் இருந்து சுமார் 1,79,000 வரிகள் லெவல் 3 என்ற பன்னாட்டு நிறுவனத்துக்குக் கசிந்தன, அவர்களும் வடிகட்டாமல் ஏற்றுக்கொண்டு உலகத்துக்குச் சொல்லிவிட்டார்கள், எங்கெங்கோ போகவேண்டிய டிராஃபிக் மலேசியா வழியாக வர முயன்று சுமார் இரண்டு மணி நேரம் உலகின் பல இடங்களில் இணையம் தவித்தது. அது மெமரிப் பிரச்சினை இல்லை, வழி தவறிய பிரச்சினை. ஆனால் இரண்டுக்கும் ஒரே காவல் உண்டு: இந்தப் பக்கத்தாரிடம் இருந்து இத்தனை வரிக்கு மேல் வந்தால் ஏற்காதே என்று ஒரு உச்ச வரம்பு போட்டுவைப்பது. இரண்டு வரிக் கட்டளை. அதைப் போடாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். தன் தொகுதியை எட்டாக வெட்டி அறிவிப்பவருக்கு ஒரு காசு செலவில்லை. அந்த எட்டு வரிக்கான இடத்தை உலகத்தில் முழுப் பட்டியல் சுமக்கும் ஒவ்வொரு ரவுட்டரும் தன் பணத்தில் கொடுக்கிறது. ஏப்னிக்கின் ஜெஃப் ஹியூஸ்டன் பராமரித்துவரும் சைடர் அறிக்கை, யார் யார் வீணாக வெட்டி அறிவிக்கிறார்கள் என்று பெயரோடு போடுகிறது. 2014இல் அதன் கணக்குப்படி தேவையற்ற துண்டுகளைச் சேர்த்தாலே பட்டியலைக் கிட்டத்தட்டப் பாதிக்குப் பக்கம் குறைத்திருக்கலாம். யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை, அபராதம் போட ஆளும் இல்லை.

பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுக்கு ஒருமுறை ரவுட்டரை மாற்றிவிடுவார்கள். அவர்கள் கழித்த பழைய பெட்டிதான் இரண்டாம் கை விற்பனைக்கு வரும், தாமானுக்கும் தோட்டத்துக்கும் வயர்லெஸ் லைன் கொடுக்க நினைக்கும் சின்ன ஆட்கள் அதைத்தான் வாங்குவார்கள். அடுத்த எல்லை வரும்போது முதலில் அடிவாங்குவது அந்தப் பெட்டிகள்தான், அவற்றின் மறுமுனையில் இருப்பது எங்கள் ஊர் மாதிரி இடங்கள். 2006இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய வல்லுநர்கள் பட்டியல் வளரும் வேகத்தை ரவுட்டர்களால் ஈடுகொடுக்க முடியாமல் போகலாம் என்று கவலைப்பட்டார்கள், வலையின் நடுப்பகுதியில் அது நடக்கவில்லை. ஓரங்களில், பழைய பெட்டிகளில், அது நடந்துகொண்டே இருக்கிறது.

அப்படிச் சின்ன அளவில் தொழில் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு (இந்த ஊர்ப் பிள்ளைகள் பலர் நெட்வொர்க் படித்துவிட்டுச் சொந்தமாக ஏதாவது செய்யத் துடிக்கிறார்கள்) நான் சொல்வது இதுதான். மேலே ஒரே ஒரு சேவை நிறுவனம் என்றால் முழுப் பட்டியலை வாங்கவே வாங்காதீர்கள், தெரியாததெல்லாம் அந்தப் பக்கம் என்ற ஒரே வரி போதும். இரண்டு பேரிடம் லைன் எடுத்தாலும், உள்நாட்டு வலைகளின் வரிகளை மட்டும், அந்த வலைகள் ஒரே இடத்தில் கைகோர்த்துக்கொள்ளும் மைஐஎக்ஸ் மாதிரி இணைப்பகத்தில் வாங்கிக்கொண்டு மிச்சத்துக்கு அந்தப் பொது வரியையே வைத்துக்கொள்ளலாம், பெரும்பாலும் அதுவே தாராளம். ஏப்னிக்கிடம் 512 முகவரி கிடைத்தால், இரண்டாக வெட்ட உண்மையான காரணம் இருக்கிறதா என்று யோசித்துவிட்டு முழுசாக அறிவியுங்கள். அப்புறம் பழைய பெட்டி வாங்கும்போது விற்பவர் ரேம் எத்தனை ஜிபி என்று அடித்துச் சொல்வார், அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். ஃபிப்பில் ஐபிவி4க்கு எத்தனை வரி, ஐபிவி6க்கு எத்தனை வரி, இரண்டும் ஒரே இடத்தைப் பங்குபோடுகின்றனவா, பங்கை மாற்றினால் பெட்டியை அணைத்துப் போட வேண்டுமா என்று தயாரிப்பாளரின் விவரத்தாளில் தேடிப் பாருங்கள். முழுப் பட்டியல் சுமக்கத்தான் வேண்டும் என்றால், ஐபிவி4க்குப் பத்து லட்சம் என்று எழுதியிருக்கும் பெட்டி இன்றைக்கே நிரம்பிய பெட்டி.